பார்சலோனா போகிறீர்களா? துறைமுக நகரில் பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது ஆண்டுகளாக பார்சலோனாவில் வசிக்கிறேன். கோடை விடுமுறை நெருங்கினாலே ஊரிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். சொந்தக்காரர்கள், கல்லூரித் தோழிகள், தோழிகளின் மாமியார்கள் என்று வரிசையாகப் பேசுவார்கள். விசா, ஓட்டல், சைவச் சாப்பாடு என்று தொடங்கும் பேச்சு கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்: "அங்கே திருட்டு அதிகமாமே, பயப்படாமல் போய் வரலாமா?" அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளும். அவை என் வீட்டார் அடிபட்டுக் கற்றுக்கொண்டவை.

பார்சலோனா ஆபத்தான நகரமா?

உயிருக்கு ஆபத்தா என்று கேட்டால், இல்லை. ஸ்பெயினில் கொலைக் குற்றம் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஐரோப்பாவிலேயே இது குறைந்த அளவுகளில் ஒன்று. இரவு பதினோரு மணிக்குப் பாட்டிமார்கள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் பேரக் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருக்கும். வேலை முடிந்து பன்னிரண்டு மணிக்கு நான் தனியாக வீட்டுக்கு நடந்து வந்த நாட்கள் ஏராளம்.

உங்கள் மணிபர்ஸுக்கு ஆபத்தா என்று கேட்டால், ஆமாம், நிச்சயமாக. இந்த நகரத்தில் பதிவாகும் குற்றங்களில் பெரும்பகுதி திருட்டுதான். அதிலும் கத்தி, மிரட்டல் எதுவும் இல்லாமல், எடுத்ததே தெரியாமல் எடுக்கும் ஜேப்படிதான் அதிகம். உள்ளூர்க்காரர்களுக்கும் இது பெரிய மனக்குறை. நகராட்சி நடத்தும் கருத்துக்கணிப்புகளில் 2019 முதல் பல முறை பாதுகாப்பின்மையைத்தான் மக்கள் நகரத்தின் முதல் பிரச்சினையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு பதில்களையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வருகிறவர்கள் இருட்டுச் சந்துகளைக் கண்டு பயப்படுகிறார்கள், வெளிச்சமான கூட்டத்தில் நிம்மதியாக இருக்கிறார்கள். பறிபோவது அந்த வெளிச்சத்தில்தான்.

ஏன் இந்த ஊரில் மட்டும் இவ்வளவு?

இந்த ஊரில் மட்டும் இல்லை. ரோம், பாரிஸ் பற்றியும் இதே புகார் உண்டு. ஆனால் பார்சலோனாவுக்கென்று சில காரணங்கள் இருக்கின்றன.

இது பழைய துறைமுகம். 1992 ஒலிம்பிக்குக்கு முன்பு வரை நகரம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். ரயில் பாதைகளும் கிடங்குகளும் தொழிற்சாலைகளும் கரையை அடைத்துக்கொண்டிருந்தன. ஒலிம்பிக்குக்காக அவற்றை அகற்றி, மணல் கொட்டிக் கடற்கரைகளை உண்டாக்கினார்கள், போர்ட் வெல் என்ற பழைய துறைமுகப் பகுதியை உலாவும் இடமாக மாற்றினார்கள். அன்றிலிருந்து உலகம் இங்கே வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. இன்று மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய சொகுசுக் கப்பல் துறைமுகங்களில் இது ஒன்று. நகரத்தின் மக்கள்தொகை சுமார் 17 லட்சம். 2024-இல் கப்பலில் மட்டும் வந்துபோன பயணிகள் 35 லட்சத்துக்கும் மேல்.

அந்தக் கூட்டம் முழுவதும் ஒரே குறுகிய பாதையில்தான் நடக்கிறது. கொலம்பஸ் தூணிலிருந்து பிளாசா கதலூனியா வரை போகும் லா ராம்ப்லா தெரு, கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள், எல்லோர் கையிலும் கைப்பேசி, எல்லோரிடமும் ரொக்கம். கப்பல்காரர்கள் மாலைக்குள் கிளம்பிவிடுவார்கள், வழக்கு நடத்தத் திரும்பி வரமாட்டார்கள். திருடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

சட்டமும் ஒரு காரணம். ஸ்பெயினில் 400 யூரோவுக்குக் கீழ்ப்பட்ட, வன்முறை இல்லாத திருட்டு சிறு குற்றம். பெரும்பாலும் அபராதத்தோடு முடிந்துவிடும். காலையில் பிடிபட்டவன் மாலையில் அதே மெட்ரோவில் நிற்பதைப் பார்த்து இங்குள்ளவர்கள் நொந்துபோயிருக்கிறார்கள். திரும்பத் திரும்பத் திருடுகிறவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைக்கும்படி 2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் வழக்குகள் நீதிமன்றத்தில் நகரும் வேகம் எல்லா ஊரிலும் ஒன்றுதானே.

உங்கள் வீட்டிலேயே யாராவது பறிகொடுத்திருக்கிறார்களா?

என் அத்தை. மதுரையிலிருந்து வந்திருந்தார். பிளாசா கதலூனியாவில் மூன்றாம் எண் மெட்ரோவில் ஏறினோம். எங்களுக்கு முன்னால் நான்கு இளம் பெண்கள், நல்ல உடை, தலையில் வெயில் தொப்பி, கையில் விரித்த வரைபடம். பார்த்தால் நம்மைப் போலவே ஊர் சுற்ற வந்தவர்கள். கதவருகே முன்னால் போனவள் எதையோ மறந்தவள் போலச் சட்டென்று நின்று திரும்பினாள். பின்னால் வந்தவள் அத்தையை லேசாக முட்டி, சிரித்து, மன்னிப்புக் கேட்டாள். அத்தையும் சிரித்தார். கதவு மூடப்போகும் மணி ஒலித்ததும் நான்கு பேரும் வெளியே குதித்துவிட்டார்கள். எல்லாம் ஐந்தாறு நொடிகள்.

ரயில் நகர்ந்த பிறகு அத்தை கேட்டார்: "ஏம்மா, பை லேசாக இருக்கிறதே?" ஜிப்பு முழுவதும் திறந்திருந்தது. மணிபர்ஸைக் காணவில்லை.

அன்று இரவு அவர் சொன்னதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. "தீபாவளிச் சமயத்தில் தி.நகர் ரங்கநாதன் தெருவில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நடப்பேன். இது வெளிநாடு, இங்கே யார் எடுக்கப்போகிறார்கள் என்று முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன்." அறுபது வருடப் பழக்கத்தை விமானத்தில் வரும்போதே கழற்றி வைத்துவிட்டார். நம் ஊர்க் கூட்டத்தில் கற்ற புத்தி இங்கே தேவையில்லை என்று நினைக்கிறோமே, அந்த நிம்மதியைத்தான் இவர்கள் எடுக்கிறார்கள். பணம் அதற்குப் பிறகுதான்.

எந்தெந்த இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும்?

லா ராம்ப்லா, அதை ஒட்டிய பொக்கேரியா சந்தை, கோத்திக் பகுதியின் குறுகிய சந்துகள், சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தின் எதிரே தலையை அண்ணாந்து நிற்கும் இடம், பார்சலோனெட்டா கடற்கரை, சான்ட்ஸ் ரயில் நிலையம். மெட்ரோவில் மூன்றாம் எண் தடம். நகரும் படிக்கட்டுகளின் மேல்முனை, டிக்கெட் இயந்திரத்தின் முன், ஓட்டல் வரவேற்பறை, காலைச் சிற்றுண்டிக் கூடம். கடைசி இரண்டையும் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஓட்டலுக்குள் வந்துவிட்டோம் என்று பையை நாற்காலியில் மாட்டிவிட்டு இட்லித் தட்டுக்குப் போவதைப் போல உணவு மேசைக்குப் போகிறோம். நன்றாக உடுத்திக்கொண்டு வருகிற ஒருவனை வாசலில் யாரும் தடுப்பதில்லை.

என்னென்ன தந்திரங்கள் செய்கிறார்கள்?

கதவை மறிப்பதை மேலே சொல்லிவிட்டேன். நகரும் படிக்கட்டிலும் இதேதான்: முன்னால் இருப்பவன் முனையில் தடுமாறுவான், பின்னால் இருப்பவன் உங்கள்மேல் சாய்வான்.

பறவை எச்சம் என்றொரு வித்தை இருக்கிறது. தோளில் ஏதோ ஈரமாக விழும். உடனே ஒரு நல்ல மனிதர் தாள்கைக்குட்டையோடு ஓடி வருவார், மேலே மரத்தைக் காட்டுவார், துடைத்துவிடுவார். உங்கள் கண் தோளில், அவர் கூட்டாளியின் கை பையில். துடைத்துவிடக் கிட்டே வருகிறவரை விலக்கிவிட்டு நேராக ஒரு கடைக்குள் நுழைந்துவிடுங்கள். சட்டைக் கறையை அங்கே கழுவிக்கொள்ளலாம்.

வெளியே மேசை போட்ட காபிக்கடையில் கைப்பேசியை மேசைமேல் வைத்திருப்பீர்கள். ஒருவர் வந்து வரைபடத்தையோ கையெழுத்துத் தாளையோ அதன்மேல் விரித்து வழி கேட்பார், அல்லது காது கேளாதோருக்கு நன்கொடை என்பார். தாளை எடுக்கும்போது கைப்பேசியும் அதோடு போய்விடும். பார்த்துக்கொண்டே பறிகொடுப்பது இதில்தான். இங்கே வசிக்கும் யாரும் கைப்பேசியை மேசையில் வைப்பதில்லை, கவனித்துப் பாருங்கள்.

சாதாரண உடையில் வந்து, போலீஸ் என்று அட்டையைக் காட்டி, போலிப் பணம் சோதிக்க வேண்டும், பர்ஸைக் கொடுங்கள் என்பவர்களும் உண்டு. உண்மையான போலீஸ்காரர் அடையாள ஆவணம் கேட்கலாம், பணத்தை எண்ணிப் பார்க்கக் கேட்கமாட்டார். 112-ஐ அழைக்கிறேன் என்று சொல்லிக் கைப்பேசியை எடுத்தாலே அந்த ஆள் போய்விடுவான்.

லா ராம்ப்லாவில் மூன்று குவளைகளைக் கவிழ்த்துப் பந்து எதில் என்று கேட்கும் சூதாட்டம் நடந்தால் நிற்கவே நிற்காதீர்கள். ஜெயிக்கிற ஆள், தோற்கிற ஆள், கைதட்டுகிற ஆள் எல்லோரும் ஒரே கும்பல். பிரான்ஸ் எல்லையிலிருந்து வாடகைக் காரில் வருகிறவர்களுக்கு ஏபி-7 நெடுஞ்சாலையில் வேறு விதம். பக்கத்தில் வரும் கார்க்காரர் உங்கள் டயர் பஞ்சர் என்று சைகை காட்டுவார். ஓரம் கட்டி இறங்கினால் பின் இருக்கையில் இருந்த பைகள் இருக்காது. பெட்ரோல் நிலையம் வரை ஓட்டிப் போய்ப் பாருங்கள்.

பையை எப்படி வைத்துக்கொள்வது?

முன்பக்கம், கை அதன்மேல். ஜிப்பின் இரண்டு காதுகளையும் சேர்த்து ஒரு ஊக்கு. நம் பெண்களிடம் புடவைக்கென்று எப்போதும் ஊக்கு இருக்கும், அதைவிடச் சிறந்த பூட்டை நான் இங்கே பார்க்கவில்லை. ஜேப்படிக்காரனுக்கு வேண்டியது இரண்டு நொடி, ஊக்கு அவனிடம் பத்து நொடி கேட்கும். ஆண்கள் பின் பாக்கெட்டில் பர்ஸ் வைக்கும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள்.

பணத்தைப் பிரித்து வையுங்கள். ஒரு நாள் செலவுக்கு மட்டும் கையில், மிச்சம் ஓட்டல் பெட்டகத்தில். கணவன் மனைவி இருவரும் ஒரே வங்கியின் கார்டுகளை ஒரே பையில் வைக்க வேண்டாம்.

தாலி, தங்கச் சங்கிலி அணிந்து நடக்கலாமா?

இதைக் கேட்கத் தயங்கிக்கொண்டே பலர் கேட்பார்கள். நானும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியர்கள் அணிவது பெரும்பாலும் மெல்லிய சங்கிலி, குறைந்த கேரட். நம் ஐந்து பவுன் சங்கிலி 22 கேரட் மஞ்சளில் வெயிலில் மின்னும். அதன் மதிப்பு என்ன என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்கள் அந்தத் தெருவில் நிற்கிறார்கள். விலையுயர்ந்த கைக்கடிகாரங்களையும் கழுத்துச் சங்கிலிகளையும் இழுத்துப் பறிப்பது இங்கே நடக்கிறது. நான் முன்பு சொன்ன மென்மையான திருட்டுக்கு விதிவிலக்கு இதுதான். இழுக்கும்போது கீழே விழுந்து அடிபட்டவர்களும் உண்டு.

தாலியைக் கழற்ற மனம் ஒப்பாது, புரிகிறது. என் அம்மா வந்தபோது தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, கழுத்தை மூடிய மேலாடை அணிந்தார். சங்கிலியையும் வளையலையும் ஊரிலேயே வைத்துவிட்டு வந்தார். புகைப்படத்தில் கழுத்து வெறுமையாக இருக்கிறதே என்று ஊரில் ஒருத்தி கேட்டாளாம். கேட்கட்டும்.

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டுமா?

சட்டப்படி வெளிநாட்டவர் தம் அடையாளத்தைக் காட்டக்கூடியவராக இருக்க வேண்டும். பெரும்பாலான பயணிகள் மூலத்தை ஓட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, முகப்புப் பக்கம், விசா, நுழைவு முத்திரை மூன்றின் நகலோடு நடக்கிறார்கள். நகல் போதாது என்று போலீஸ் கேட்டால் ஓட்டலுக்குப் போய் எடுத்துக் காட்ட நேரலாம். தெருவில் பறிகொடுப்பதைவிட அந்த அலைச்சல் மேல் என்பது என் கணக்கு. அதே நகலை மின்னஞ்சலில் உங்களுக்கே ஒருமுறை அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் வந்து ஒரு நாள் மட்டும் இறங்குகிறோம். வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

பெரிய கப்பல்கள் பெரும்பாலும் மோல் அதோசாத் என்ற வெளித்துறையில் நிற்கும். அங்கிருந்து நகரத்துக்கு நடப்பது சுகமில்லை. சரக்கு லாரிகள் ஓடும் சாலை, நிழல் கிடையாது. கப்பல் முனையத்திலிருந்து கொலம்பஸ் தூண் வரை பஸ் ஓடுகிறது. டாக்சி என்றால் மஞ்சள் கறுப்பு வண்டி, கூரையில் பச்சை விளக்கு எரிந்தால் காலி என்று பொருள். துறைமுகத்துக்கென்று கூடுதல் கட்டணம் உண்டு, மீட்டரில் சேர்ந்து வரும், ஏமாற்றுகிறார் என்று சண்டை போட வேண்டாம்.

அந்த பஸ் இறக்கிவிடும் இடம் நேராக லா ராம்ப்லாவின் தலைவாசல். நூறு பேர் ஒரே நேரத்தில் இறங்கி, தூணை நிமிர்ந்து பார்த்துப் படம் எடுப்பார்கள். 60 மீட்டர் உயரத் தூண், 1888 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது, பார்க்க வேண்டியதுதான். பையை முன்பக்கம் இழுத்துக்கொண்டு பாருங்கள். கப்பல் கிளம்பும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பத் தொடங்கிவிடுங்கள். அவசரத்தில் ஓடுகிறவர்தான் பர்ஸைத் தவறவிடுகிறார்.

ரவால் பக்கமே போகாதீர்கள் என்கிறார்களே?

லா ராம்ப்லாவுக்கு மேற்கே இருப்பது எல் ரவால். ஒரு காலத்தில் மாலுமிகளின் சாராயக்கடைகளும் விடுதிகளும் நிறைந்த பகுதி, அந்தப் பழைய கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று அங்கே பாகிஸ்தானியர்களும் வங்கதேசத்தவர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் பெருமளவில் வாழ்கிறார்கள். எனக்குக் கறிவேப்பிலையும் துவரம் பருப்பும் கிடைப்பது அங்கேதான். பகலில் தாராளமாகப் போங்கள், ராம்ப்லா தெல் ரவாலில் கொழுத்த பூனைச் சிலை இருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். நள்ளிரவுக்குப் பிறகு துறைமுகத்தை ஒட்டிய சந்துகளில் போதைப்பொருள் விற்கிறவர்கள் நிற்பார்கள். அப்போது அந்தப் பக்கம் தவிர்க்கலாம்.

ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். கறுப்பாக, ஏழையாக இருப்பவரைக் கண்டு பையை இறுக்கிக்கொண்டு, தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டு சிரிக்காதீர்கள். என் அத்தையின் பர்ஸ் யாரிடம் போனது என்று நினைத்துப் பாருங்கள். கிழங்கு வறுத்து விற்கிறவரும் பூக்கடைக்காரரும் பல முறை எனக்கு "பை திறந்திருக்கிறது" என்று எச்சரித்திருக்கிறார்கள்.

பெண்ணாகத் தனியே வரலாமா?

வரலாம். மெட்ரோ வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணி வரையும், சனிக்கிழமை இரவு முழுவதும், மற்ற நாட்களில் நள்ளிரவு வரையும் ஓடும். அதற்குப் பிறகு இரவு பஸ்கள் இருக்கின்றன. நடன விடுதிகளிலும் இரவு நிகழ்ச்சிகளிலும் பாலியல் தொல்லை நடந்தால் ஊழியர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நகராட்சி 2018-இல் 'நோ கய்யெம்' என்ற நடைமுறையைக் கொண்டுவந்தது. வாய்மூடி இருக்கமாட்டோம் என்று பொருள். அதில் சேர்ந்த விடுதிகளில் பாதிக்கப்பட்ட பெண்ணைத் தனியாக விடாமல் பாதுகாப்பான அறைக்கு அழைத்துப்போவதும் போலீசுக்குச் சொல்வதும் ஊழியர் கடமை. தெருவிழாக்களில் ஊதா நிறக் கூடாரங்கள் தெரியும். உதவி வேண்டுமானால் அங்கே போகலாம். கண்ணாடிக் குவளையை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள் என்பதை நான் எந்த ஊருக்கும் சொல்வேன்.

2017-இல் தாக்குதல் நடந்ததே?

ஆகஸ்ட் 17. லா ராம்ப்லாவில் நடந்துகொண்டிருந்தவர்கள்மீது ஒருவன் வேனை ஏற்றினான். அதிலும் அதைத் தொடர்ந்த சம்பவங்களிலும் 16 பேர் இறந்தார்கள். வேன் நின்ற இடம் ஓவியர் ஹுவான் மீரோ தரையில் பதித்த வண்ணக்கல் சித்திரத்தின் மேல். அதன் அருகே இன்று நினைவுப் பலகை இருக்கிறது, ஆண்டுதோறும் மலர் வைக்கிறார்கள். அதன் பிறகு வாகனங்கள் நுழையாதபடி தடுப்புகள் வந்தன, ஆயுதம் தாங்கிய போலீஸ் சாதாரணமாகத் தென்படும். அவர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தச் சித்திரத்தின் மேல் நடக்கும்போது ஒரு கணம் நின்று போங்கள்.

சுற்றுலாப் பயணிகள்மேல் தண்ணீர் பீய்ச்சுகிறார்களாமே, நம்மை வெறுக்கிறார்களா?

2024 ஜூலையில் நடந்த ஊர்வலத்தில் சிலர் உணவகங்களில் உட்கார்ந்திருந்த பயணிகள்மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்தார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்தக் கோபம் உண்மையானது. என் மாடியிலிருந்த ஆசிரியைக் குடும்பம் வாடகை ஏறியதால் ஊரை விட்டே போனது, அந்த வீட்டில் இப்போது வாரத்துக்கு ஒரு சுற்றுலாக் குழு. 2028 நவம்பருக்குள் சுற்றுலா அடுக்கக வீடுகளின் உரிமங்களை முற்றிலும் நிறுத்தப்போவதாக மேயர் ஜவுமே கொல்போனி அறிவித்திருக்கிறார். கப்பல் முனையங்களை ஏழிலிருந்து ஐந்தாகக் குறைக்க 2025-இல் ஒப்பந்தமும் ஆகியிருக்கிறது.

உங்களை யாரும் அடிக்கப்போவதில்லை. உரிமம் உள்ள ஓட்டலில் தங்குங்கள், இரவில் படிக்கட்டில் பெட்டியை இழுத்துச் சத்தம் போடாதீர்கள், கடைக்குள் நுழையும்போது வணக்கம் என்பதற்கு "போன் தியா" என்று ஒரு வார்த்தை இந்தப் பகுதியின் கத்தலான் மொழியில் சொல்லுங்கள். முகம் மலர்ந்துவிடும்.

கடற்கரையில்?

பச்சைக் கொடி குளிக்கலாம், மஞ்சள் கவனம், சிவப்பு இறங்கக் கூடாது. நம்மவர்கள் பலர் நீச்சல் தெரியாமல் அலையில் நிற்கப் பிரியப்படுகிறார்கள், கொடியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒருவர் எப்போதும் பையருகே உட்கார்ந்திருக்கட்டும். மணலில் நடந்து விற்கும் மதுக் கலவைகளை வாங்காதீர்கள், எங்கே கலந்தது என்று தெரியாது.

பறிகொடுத்துவிட்டேன். முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

துரத்தாதீர்கள். முதலில் சுற்றியிருக்கும் குப்பைத் தொட்டிகளைப் பாருங்கள். பணத்தை எடுத்துக்கொண்டு பர்ஸை வீசுவது இவர்கள் வழக்கம், பாஸ்போர்ட் அப்படிக் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு கார்டுகளை முடக்க வங்கியை அழையுங்கள். இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கைப்பேசியோடு இந்திய சிம்மும் போய்விட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி உங்களுக்கு வராது, திருடனுக்கு வரும். அவன் சிம்மைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டாலே போதும். கிளம்புவதற்கு முன்பே சிம்முக்கு பின் (PIN) எண் பூட்டுப் போடுங்கள். இங்கே வந்ததும் உள்ளூர் சிம் வாங்கி, இந்திய சிம்மை ஒரு பழைய கைப்பேசியில் போட்டு ஓட்டலில் வைத்துவிடலாம். வங்கியின் உதவி எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். எல்லா எண்ணும் கைப்பேசிக்குள்தான் என்றால், அது போன பிறகு எதைப் பார்த்து அழைப்பீர்கள்?

அடுத்தது போலீஸ். அவசரம் என்றால் 112, எல்லாவற்றுக்கும் அதே எண். புகார் பதிவு செய்வது மோசோஸ் தஸ்குவாத்ரா என்னும் கத்தலான் போலீசிடம். லா ராம்ப்லாவிலிருந்து பிரியும் நோவ் தெ லா ராம்ப்லா தெருவில் அவர்கள் நிலையம் இருக்கிறது. 'தெனுன்சியா' என்று சொல்லுங்கள், புகார் மனுவுக்கு இங்கே அதுதான் பெயர். ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், ஒரு தண்ணீர் பாட்டிலோடு போங்கள். முத்திரையிட்ட நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். பயணக் காப்பீட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். பல காப்பீடுகள் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்கின்றன.

பாஸ்போர்ட் போயிருந்தால் இந்தியர்களுக்கு மாட்ரிட் தூதரகத்தோடு, இப்போது பார்சலோனாவிலேயே துணைத் தூதரகமும் இருக்கிறது. ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் பயணத்தைத் தொடர முடியாது. பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று நீளும் பயணத்தில் பார்சலோனா முதல் ஊர் என்றால் இதை மனத்தில் வையுங்கள். மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்கள் மாட்ரிட்டில் உள்ள தங்கள் தூதரகத்தையும், இலங்கைக்காரர்கள் ஸ்பெயினுக்குப் பொறுப்பான தங்கள் தூதரகத்தையும் அணுக வேண்டும்.

தொலைந்தது திரும்பக் கிடைக்குமா?

பணம் கிடைக்காது. கைப்பேசி அநேகமாகக் கிடைக்காது. மற்றவை சில சமயம் கிடைக்கும். தெருவிலும் மெட்ரோவிலும் கண்டெடுத்தவை நகராட்சியின் 'ஒஃபிசினா தெ த்ரோபாயஸ்' என்ற தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு வந்து சேரும்.

அத்தை ஊருக்குப் போன பிறகு நான் மூன்று முறை அங்கே போனேன். மூன்றாம் முறை, பெயரைச் சொன்னதும் அலுவலகப் பெண்மணி உள்ளே போய் ஒரு நெகிழி உறையோடு வந்தார். பழுப்பு நிற மணிபர்ஸ். 180 யூரோ இல்லை. முடக்கப்பட்ட கார்டு இருந்தது. பழமுதிர்சோலை முருகன் படம் இருந்தது, பின்னால் நான்காக மடித்த திருநீற்றுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அந்தப் பெண்மணி பொட்டலத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். கோவிலில் கொடுக்கும் சாம்பல், நெற்றியில் இடுவோம் என்று சொன்னேன். தலையசைத்துவிட்டு, பதிவேட்டில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, பர்ஸை இரண்டு கையாலும் நீட்டினார். அன்று மாலையே பதிவுத் தபாலில் மதுரைக்கு அனுப்பிவிட்டேன்.